அழிக்கவா என்று கேட்ட லேப்டாப்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். ஸ்ரீரங்கத்து விஜயராணிக்கு இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

அவள் கணவர் தங்கையன் இறந்த மூன்றாம் நாள், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கொழுந்தன் அன்புச்செல்வன் அவருடைய பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டான். பழுது பார்த்துத் தருவானாம். அதையாவது பொறுக்கலாம். வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அண்ணி" என்றான். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும், சொன்னால் துக்கமும் திரும்பி வரும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விஜயராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் ஜீயபுரத்தில் அவனுடைய உரக்கடைக்கே போய் நின்றாள். மகளுக்கு அவர் கதை சொன்ன குரல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அவனோ கடைக் கணக்குப் போட அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தான். சிடி டிரைவ் கெட்டுப்போயிருந்தது. பென் டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாத பழைய மாடல். பிளாப்பி போட்டுத்தான் கிளப்ப முடியும்.

கர்ர்... கர்ர்... பிளாப்பி சுற்றிக்கொண்டிருந்தது.

கணினிக்கு என்ன பெயர் என்று திரை கேட்டது. கடையின் பெயரை அடித்தான். ஆங்கில எழுத்தில் 'வரேன்' என்று விழுந்தது.

அழித்துவிட்டு மறுபடி அடித்தான். 'வரேன்'.

கேலி செய்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது.

அடுத்து, பழையதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. உள்ளே அவர் குரல் இருக்கிறது, தொடாதே என்று அவள் கத்தக் கத்த, வீம்புக்கென்றே ஆமாம் என்பதற்கான 'ஒய்' எழுத்தைத் தட்டினான்.

'என்' விழுந்தது. வேண்டாம் என்று அர்த்தம்.

மறுபடி தட்டினான்... 'என்'.

கையை எடுத்துவிட்டான்.

டக்... டக்... டக்...

என். என். என்.

அவளுக்குப் பயத்தை மீறிக் கணவர்மேல் கோபம் வந்தது.

"வரணும்னா நம்ம வீட்டுக்கு வாங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

சத்தம் நின்றது. திரை அணைந்தது.

லேப்டாப்பைப் பிளாப்பியோடு பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பஷீர் அகமது, ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். குரல் பத்திரமாக இருந்தது. பிறகு பிளாப்பியை உருவி, அதன் தகர மூடியைத் தள்ளிப் பார்த்தவர் அதை அவளிடம் நீட்டினார்.

"உள்ள தட்டே இல்லையேம்மா. வெறும் கூடு. இதை வெச்சு எதுவும் ஓடாது."

அன்றிலிருந்து அவள் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. தம்பியின் கடை வரைக்கும் போனவர், கட்டியவளிடம் இன்றுவரை வரவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.