இந்தா வாரேன்

மதுரை ரயிலடிக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்த மூன்று மாடி லாட்ஜில் மாதம் நான்கு நாள் தங்குவேன். சாயப்பொடிக் கமிஷன் ஏஜெண்டுக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது. அங்கே ரூம் பையன் மலைச்சாமி. பையனுக்கு வயது நாற்பத்திரண்டு, தலை முழுக்க நரை.

நான் போக ஆரம்பித்த காலத்தில் ஐந்து பேர் ரூம் பையன்களாக வேலை பார்த்தார்கள். யுத்தம் வந்ததும் இரண்டு பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஒருவன் மில்லுக்குப் போனான், இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மிஞ்சிய மலைச்சாமி இருபத்திரண்டு அறைக்கும் தண்ணீர் இறைத்து, படியேறி, வெந்நீர் போட்டு, படுக்கை விரித்து, எதிர்க்கடையில் காப்பி வாங்கி வந்து எப்படியோ சமாளித்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"ஒத்த ஆளே ஓட்டிர்றான், இன்னொருத்தன் எதுக்கு?" என்று முதலாளி என்னிடம் பெருமையடித்தார். நானும் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ஆமாம் போட்டேன்.

நாலு அறையிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? மலைச்சாமி ஒரு வழி வைத்திருந்தான். யார் எங்கிருந்து கத்தினாலும், என்ன ஏது என்று கேட்காமல், "இந்தா வாரேன்!" என்று குரல் கொடுத்துவிடுவான். கூப்பிட்டவர் அதை நம்பிக் கால்மணி நேரம் பொறுத்திருப்பார். அதற்குள் வேறொரு அறையை முடித்துவிடலாம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அவன் மகள் தங்கப்பொண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது, ஒரே பிள்ளை. கீழக்குயில்குடியில் மனைவி அன்னக்கொடி தனியாகக் கிடந்து பார்த்துக்கொண்டாள். இவன் லீவு கேட்டான். "நீ போனா லாட்ஜப் பூட்ட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. கெஞ்சிக் கூத்தாடியதில், ஊரிலிருந்து சேதி வந்தால் அந்த நிமிஷமே கிளம்பலாம் என்று சம்மதித்தார். மூன்று நாளாக மலைச்சாமி வாசலைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தான்.

நான்காம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். கொண்டுவந்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது என்று அவனை மூன்றாம் மாடியில் நிறுத்தி வைத்து நான் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரரும் தன் காப்பியைக் கேட்டுக் கூடச் சேர்ந்து கத்தினார். கீழே யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் கூச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. மலைச்சாமி என் முகத்தைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில், "இந்தா வாரேன்!" என்றான். பிறகு என் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக அடுப்படிக்குப் போனான்.

கூப்பிட்டவன் அவன் ஊர் வண்டிக்காரன் பேயாண்டி. வாசலில் விசாரிக்க ஆள் கிடையாது, கணக்கப்பிள்ளையைப் போன வருஷமே நிறுத்தியாகிவிட்டது. மாட்டைத் தெருவில் விட்டுவிட்டு வந்த அவசரத்தில் அவன் படியடியிலேயே நின்று, "மலைச்சாமியண்ணே! பிள்ளைக்கு ரொம்ப முடியல, ஒடனே வரச் சொன்னாக!" என்று கத்தியிருக்கிறான். மேலேயிருந்து பதில் வந்தது. அதை வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாதம் நான் போனபோது மலைச்சாமியே சொன்னான். "வாரேன்னு சொல்லிட்டாருன்னு பேயாண்டி போய்ச் சொல்லிருக்கான்யா. இந்தா அப்பா வாராருன்னு எம்பொண்டாட்டி பிள்ளைகிட்டச் சொல்லிருக்கா. பொழுது சாயிற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சாம். பிள்ள போன சேதியே எனக்கு மறுநாத்தான்யா தெரிஞ்சது."

வாளியை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

இன்னும் அந்த லாட்ஜில் புது ஆள் போடவில்லை. முதலாளிக்கு வேறு கவலை. இப்போதெல்லாம் யார் எத்தனை முறை கூப்பிட்டாலும் மலைச்சாமி குரல் கொடுப்பதில்லையாம். வேலையை மட்டும் பேசாமல் செய்கிறானாம். வந்தவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த லாட்ஜுக்குப் போகிறார்களாம்.

"ஒரு 'வாரேன்' சொன்னா வாயிலருந்து முத்தா உதிந்துரும்? நீங்களாச்சும் அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு என் வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தது, அவ்வளவுதான். அதற்குத்தான் அவனை அங்கே பிடித்து வைத்திருந்தேன்.