அழித்த பிறகும் இருந்த பதிவேடு

பழைய தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றித் தரும் ஒரு சின்னக் கம்பெனி, ஜெலாப்பாங்கில். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை வட்டு நிரம்பி வழிந்தது. மூன்று நாளாக பேக்அப் ஓடவில்லை, அச்செடுக்கவும் முடியவில்லை, ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

முன்னறையில் புந்தோங்கிலிருந்து வந்த ஓர் அக்கா காத்திருந்தார். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐம்பது வயது தாண்டியும் குடியுரிமை இல்லை. கையில் இன்னும் சிவப்பு ஐசிதான், குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. மறுநாள் காலை அவருக்குக் குடியுரிமை நேர்காணல். நாங்கள் ஸ்கேன் செய்திருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவேட்டில் அவர் பக்கம் இருந்தது. அதைத் திரையில் திறந்து கொடுத்து, "இருங்கக்கா, சர்வர சுத்தம் பண்ணிட்டு வாரேன், அப்புறம் பிரிண்ட் எடுக்கலாம்" என்று உள்ளே போனேன்.

கோபத்தோடு அழித்தால் இப்படித்தான் ஆகும். பட்டியலில் ஒரு வரி தள்ளிக் கை வைத்து, அந்தப் பதிவேட்டையே அழித்துவிட்டேன். முந்தின நாள்தான் ஸ்கேன் ஆனது. வேறு நகல் இல்லை. கறையான் அரித்த அசல் புத்தகம் புரட்டப் புரட்ட உதிர்ந்து குப்பைக்குப் போயிருந்தது. பாவி, ஒரு மனுஷியின் பிறப்பையே துடைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். அவ்வளவு பெரிய கோப்பு போயும் வட்டில் துளி இடம்கூடக் காலியாகவில்லை. எந்தக் கோப்பை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையைத் தட்டினேன். பதிவேடு வந்தது, பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு. அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது முன்னறைத் திரையில் அக்காவுக்கு நான் திறந்து கொடுத்த நிரல்.

பாடத்தில் படித்ததுதான். நாம் அழிப்பது பெயரை மட்டுமே. ஒரே ஒரு நிரல் பிடித்திருந்தாலும் கோப்பு சாகாது. பத்து வருஷமாகத் தெரிந்த விஷயத்துக்கு அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

ஓடினேன். "அக்கா, அத மூடிறாதீங்க. எதையும் தொடாதீங்க."

"நான் ஒன்னும் பண்ணலம்மா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன் லா."

திரை பிடித்திருந்த வழியாகவே உள்ளே போய், கோப்பை வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுத்தேன். அது முடியும்வரை மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. ஒரு பக்கமும் குறையவில்லை. வேண்டாத கோப்புகளைச் சரிபார்த்து அழித்து இடம் பண்ணி, அச்செடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"தப்பு என்மேலதான் கா. அழிச்சிட்டேன். நீங்க மூடாம வச்சிருந்ததாலதான் பொழச்சிச்சு."

அவர் தாளை வாங்கிக்கொண்டார். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"எப்படிம்மா மூடுறது? இந்தா, எங்கம்மா பேரு. நான் பொறந்த மூணாம் நாளு போயிட்டாங்க. போட்டோகூட இல்ல. எழுத்துல இன்னிக்குத்தான் பாக்குறேன்."