எலிக்குக் கயிறு கிடையாது

ஒரகடம் போகும் சாலையில் இருந்த மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் மெர்சிக்கு எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூண்டுக்கு உமி மாற்றுவாள், தண்ணீர்ப் புட்டி கழுவுவாள், சோதனைப் பெட்டியில் எலியை விடுவாள். ஊரில் எலிக்காரி என்றார்கள். "ஆமா, ஒன் வூட்டு எலியையும் புடிச்சாந்து குடு, நல்லா பாத்துக்கறேன்" என்பாள்.

1991 மழைக்காலத்தில் அங்கே புது ரக எலிகள் வந்தன. நிலைகொள்ளாதவை. சோதனைப் பெட்டியில் விளக்கு எரிந்தபின் கம்பியை அமுக்கினால்தான் தீனி விழும். இவற்றுக்கோ அதுவரை பொறுமை இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளைப் புரிந்துகொள்ளத்தான் இந்த எலிகள் என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் மஞ்சுளா.

"திமிர் இல்ல மெர்சி, மூளை வாகு அப்படி. தீனி ஒடனே விழுந்தா கத்துக்குது, லேட்டானா விட்டுடுது. ஆனா எலி வேற, புள்ள வேற. எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது."

'திமிர் இல்லை' என்ற அந்த ஒரு சொல்லே மெர்சிக்குப் போதுமாயிருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஜாஸ்மினும் ஓரிடத்தில் உட்காரமாட்டாள்; அவளை ஊரே திமிர் பிடித்தவள் என்றது. அன்று மாலையே, ஒரு வரி எழுதினால் ஒரு வேர்க்கடலை என்று ஆரம்பித்தாள். முதன்முறையாக ஜாஸ்மின் ஒரு பக்கத்தை முடித்தாள்.

பக்கத்து வீட்டு கங்கா சிரித்தாள். "இன்னாடி, பொண்ணையும் கூண்டுல போட்டுடுவியா?"

மறுவாரம் மகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்குப் போனபோது, ஜாஸ்மினின் கால் பெஞ்சோடு சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"அம்பது புள்ளைங்கள ஒருத்தியா மேய்க்கறேன்" என்றார் சரோஜா டீச்சர். "நீ என்னடான்னா எலிக்குப் போடற மாதிரி கடலை போட்டுக் கெடுக்கறியாம்."

மெர்சி குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். "எலி மாதிரியே நடத்துங்க டீச்சர், அதான் கேக்கறேன். எங்க எலிய யாரும் கட்டிப் போடறதில்ல. அடிச்சா வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"கயிறு வேணாம்னா டி.சி. வாங்கிக்கினு போ."

"ரெண்டுக்கும் ஒத்துக்க மாட்டேன்."

கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் உமி மாற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் எழவில்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். ஜாஸ்மின் ஒரு வரி எழுதிவிட்டுக் கை நீட்டினாள். மெர்சி முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து உடைத்தாள். கடலை உடையும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. இன்னொரு வரி. இன்னொரு சத்தம்.

டீச்சர் திரும்பாமலே சொன்னார். "நாளையிலேர்ந்து உரிச்சு எங்கிட்ட குடுத்துட்டுப் போ. தோலு ரூமெல்லாம் சிதறுது."

மெர்சி எழுந்தாள். கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.