கோபியில் வாங்கிய புறா

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்று வளர்த்தது மூன்று பேரை. வளர்த்த புறாக்களுக்குக் கணக்கில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதனால் மெதுவாகத்தான் எழுத வரும்.

வேலம்பாளையத்தில் எங்களுக்கு ஒரு வரிசை லைன் வீடுகள், வாடகைக்கு விட்டிருக்கிறோம். மொட்டை மாடியில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன புறாக்கூண்டு. எல்லாம் ஹோமர் புறா. எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிறந்த கூண்டுக்குத் திரும்பிவிடும்.

தை மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஓவியம் வரைகிற பெண் ஒருத்தி வந்தாள். குழாயடியில் உள்ளூர், வெளியூர் என்று முறைத்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து ஒன்று செய்யலாம் என்றாள். பனியன் கம்பெனி வேஸ்ட் துணியில் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டி, தன் வீடு என்றால் மனசில் எது வருகிறதோ அதை ஒவ்வொருவரும் வரைய வேண்டும். அதைப் புறாவின் காலில் கட்டித் தாராபுரத்தில் விடுவார்கள். திரும்பி வந்த துண்டுகளை ஒரே துணியாகத் தைத்து மாடியில் தொங்கவிட வேண்டும். என் புறாக்களைக் கேட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். திருநெல்வேலிக்கார டெய்லர், "ஆச்சி, எங்க மாமியார வரைஞ்சா புறா திரும்பி வருமா?" என்றான்.

"ஒங்க மூஞ்சிய வரைங்க. கெளம்புறதுக்கு முன்னாலயே மிரண்டுரும்" என்றாள் அவன் பெண்டாட்டி.

கடைசி வீட்டில் ஒடிசாக்காரி ஒருத்தி பல வருஷமாகக் குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் அவள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தாள். துணியில் அவள் ஒரு வாசலும் இரண்டு ஜோடிச் செருப்பும் வரைந்தாள், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அப்புறம் என் காதோரம் வந்தாள்.

"அம்மா, பொண்ணை ஸ்கூல் சேக்கணும். இங்க கூட்டிட்டு வரவா, நான் ஊருக்குப் போகவா, தெரியல. இந்தப் புறா சாயந்திரம் வந்தா கூட்டிட்டு வரேன். வரலேன்னா போறேன்."

கூட்டிக்கொண்டு வா, இங்கேயே இரு என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரி போய்க் குடியிருப்பவளைக் கெஞ்சுவதா என்று இருந்தது. "என்ற புறா வராம எங்க போயிரும்?" என்றேன்.

அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டுமென்று வெள்ளைக் கழுத்துச் சேவலைக் கொடுத்தேன். அது மட்டும் கோபியிலிருந்து வளர்ந்த புறாவாக வாங்கி வந்தது. அப்படி வாங்கியதைப் பிறந்த இடத்துக்குப் பறந்துவிடாமல் இறகு கட்டி, ஜோடி சேர்த்து, குஞ்சு எடுக்க வைத்துக்கொள்வோமே தவிர வெளியூரில் கொண்டுபோய் விடமாட்டோம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். இத்தனை வருஷம் என் கம்பைத் தின்றது, மாடியைச் சுற்றிவிட்டு என் கூண்டிலேயே அடைவது, எனக்கு அது என் புறாதான்.

மதியத்துக்குள் மற்றதெல்லாம் வந்துவிட்டது. அது வரவில்லை. அதன் பெட்டை முட்டை மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. ஒடிசாக்காரி தண்ணீர்த் தொட்டியோரம் நின்று இருட்டும் வரைக்கும் வானத்தைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா" என்று சிரித்தாள்.

"நாளைக்கு வந்துரும்" என்றேன். அப்போதும் அதை மட்டும்தான் சொன்னேன்.

மாசக் கடைசியில் வீட்டைக் கூட்டி, கழுவிவிட்டு, சாவியை இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் போய்க் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கம்பு இறைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் அந்த வெள்ளைக் கழுத்து! காலில் அழுக்கேறிய துணி, அதில் சின்னச் செருப்பு மட்டும் தெரிந்தது. கோபியில் பிறந்த கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பெட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"வந்துச்சாம்மா? நல்லா இருக்கா?" என்று கத்தினாள். அப்புறம் குரலைத் தணித்து, "பொண்ணை இங்கயே சேத்துட்டேன்மா" என்றாள்.

"அதுக்கென்ன, நல்லா படிக்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

மாடித் துணியில் ஒரு மூலை காலியாக இருந்தது. அவள் துண்டை அங்கே நானே தைத்தேன்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். என் பேத்தி இதை வாய்விட்டுப் படித்துப் போனில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் நான் ஒருதரம் கேட்க வேண்டும்.

"கண்ணு, மொதல்ல இருந்து படி. அவள இருன்னு நான் சொன்ன மாதிரி எங்கியாச்சும் எழுதியிருந்தா அடிச்சுப்போடு. நான் சொல்லல."