அங்கம்மாளின் பாதி நாக்கு

அங்கம்மாள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வாயிலிருந்து வந்ததில் எல்லோரும் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

தென்னேரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் போனபிறகு பாவு பிணைக்கக் கற்றுக்கொண்டாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் வால் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குனிந்தபடி, நாலாயிரத்துக்கு மேல் இழை. அவள் கையில் ஒன்றும் தப்பியதில்லை. கையைப் பாராட்டிய யாருக்கும் அவளுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது நினைவில்லை.

பிடரிக்கு மேலே, மண்டையோடு சேரும் இடத்தில், இரண்டு வருஷமாகச் சதை கட்டிப்போய் வலித்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பினால் சுரீரென்று இழுக்கும். கூடவே நாக்கில் பாதி கொஞ்ச நேரம் மரத்துப்போகும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். வலியை யாரிடமும் சொல்லவில்லை. கழுத்து பிடித்தவளைக் கூப்பிட்டுப் பாவு கொடுக்க யாருக்குப் பைத்தியம்?

அறுபத்தாறாம் வருஷம், வரதராஜன் வீட்டில் அவள் பாவு பிணைத்துவிட்டு வந்த மறுநாள், அங்கே சரிகை நூல் சுற்றிய கண்டு ஒன்று காணவில்லை. நாலு தறி வைத்திருந்த வரதராஜன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் துரத்தியிருப்பார், அதோடு போயிருக்கும். அவர் நியாயஸ்தர். தெருக்கோடி அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

அங்கம்மாள் சந்தோஷமாகவே போனாள். எடுக்காதவளுக்கு என்ன பயம்? தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு நின்று, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தாள். "அம்மா சாட்சியா சொல்றேன், அந்தச் சரிகைய நான்..."

பின்னாலிருந்து வரதராஜனின் மனைவி ரேணுகாம்பாள், "சத்தமா சொல்லுமா, இங்க கேக்கல" என்றாள்.

அங்கம்மாள் வலப்பக்கம் திரும்பினாள். பின்மண்டையில் இழுத்தது. நாக்கில் பாதி கட்டையாகிவிட்டது. மீதி வார்த்தை வாய்க்குள்ளேயே குழறியது.

"ஆத்தா நாக்கப் புடிச்சிட்டா" என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

அன்று மாலையே நாக்கு சரியாகிவிட்டது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கழுத்தை விறைத்துக்கொண்டே கிடந்தாள். வலி இன்னும் கூடியது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் நாக்கு மரத்தது. கண்டை மறதியாக மடியில் செருகிக்கொண்டு வந்து எங்கேயாவது போட்டுவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மூன்றாம் மாதம் தாங்கமுடியாமல் வரதராஜன் வாசலில் போய் நின்றாள்.

"நான்தான் எடுத்தேன்ணா. எங்க போட்டேன்னு தெரியல. ஆத்தா என்ன வுட்டுட்டா போதும்."

அம்மனுக்குப் பொங்கல் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். அப்புறம் எந்த வீட்டிலும் அவளைப் பாவுக்குக் கூப்பிடவில்லை. கீரைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றாள். ஆறு மாதத்தில் வலி போய்விட்டது. "பாத்தியா, உண்மைய ஒத்துக்கினா, ஆத்தா வுட்டுட்டா" என்றது தெரு. அங்கம்மாளும் அதைத்தான் நம்பினாள்.

ஏழு வருஷம் கழித்து, பஸ் ஹாரனுக்குச் சட்டென்று திரும்பியபோது மறுபடியும் நாக்கு மரத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் பிடரியை அழுத்திப் பார்த்தார். என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். பாவு பிணைத்ததைச் சொன்னாள். "மண்டைக்குக் கீழ இருக்குற சதை இறுகிப்போச்சும்மா. அங்க கழுத்து நரம்பும் நாக்கு நரம்பும் ஒண்ணா ஓடுது. சட்டுனு திரும்பினா ரெண்டும் இழுத்துக்கும். தலைய சாய்ச்சிக்கினு வேலை செஞ்சதால வந்தது. வேலைய விட்டதும் குறைஞ்சிருக்குமே?"

"பொய் சத்தியம் பண்ணா இது வருமா டாக்டரு?"

அவர் சிரித்தார். "அப்படி வந்தா ஊர்ல ஒருத்தன் பேச முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையோடு நேராக வரதராஜன் வீட்டுக்குப் போனாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

வரதராஜன் பொறுமையாகக் கேட்டார். "அந்தக் கண்டு அப்பவே கெடைச்சிடுச்சேம்மா. நீ பொங்கல் வச்ச மறு மாசம், தறிக்குழிய சுத்தம் பண்றப்ப மிதிக்கட்டைக்கு அடியில இருந்தது. நீதான் மனசு கேக்காம கொண்டாந்து போட்டுட்டேன்னு நெனச்சோம். நாலு பேர்கிட்ட உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னேன்."

அங்கம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். கழுத்தைத் திருப்பாமல், அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஏழு வருஷத்துக்கு முன் பாதியில் நின்ற வார்த்தையைச் சொன்னாள். "நான் எடுக்கலண்ணா." நாக்கு முழுசாகப் புரண்டது. ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

வரதராஜனுக்கு வருத்தமாக இருந்தது. "அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சேம்மா" என்றார். "இந்த வயசுல ஏன் பொய் சொல்ற? மறுபடியும் நாக்கப் புடிச்சிக்கப் போவுது."

உள்ளேயிருந்து ரேணுகாம்பாள், முளைக்கீரை இருக்கிறதா என்று கேட்டாள்.