கதியால் போட்ட பீச் வேலி

ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்களுக்கு ஒரு தோட்டத் துண்டு கிடைத்தபோது, அதைவிடப் பெரிய விதிமுறைப் புத்தகமும் கூடவே வந்தது. தோட்டச் சங்கத்தின் காணி. காத்திருந்தவர்களின் பட்டியலில் ஆறு வருடம் கிடந்து வாங்கினோம். இந்த நாட்டில் என் கணவரின் பெயருக்கு வந்த முதல் மண் அதுதான். விதிப்படி வேலி பீச் மரத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் பழம் காய்க்கும் பீச் அல்ல, இந்த ஊர்க் காட்டில் வளரும் வகை. வசந்தத்தில் சங்கத் தலைவர் பார்க்க வருவார். வேலி இல்லையென்றால் காணி அடுத்தவருக்குப் போய்விடும்.

பக்கத்துக் காணிக்காரி ஓய்வுபெற்ற தபால்காரி. தன் வேலியிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் காட்டினார். ஓரம் வழுவழுப்பாய் லேசாக நெளிந்து, இளம் இலையில் பூனைமயிர் இருந்தால் பீச். ஓரம் வாள்பல்லாக இருந்தால் அது வேறு குடும்பம், ஜேர்மன் பெயரில் மட்டும் உறவு கொண்டாடுகிறது. அப்படிப்பட்டவர்களை எங்கள் கலியாண வீடுகளிலும் கண்டிருக்கிறேன். இலை உதிரும் காலத்தில் வேரோடு கன்று வாங்கி நடுங்கள் என்றார்.

நான் இதை வீட்டில் சொன்னேன். என் கணவர் சிரித்தார்.

“வேலிக்கு ஆரும் கடையிலை கண்டு வாங்குவினமே? கதியால் போடுவம்.”

யாழ்ப்பாணத்தில் கிளுவையையோ பூவரசையோ வெட்டித் தடியாக ஊன்றினால் அதுவே வேர்விட்டு வேலியாகிவிடும். அதுதான் கதியால். அதற்கு மூளை தேவையில்லை, கத்தி போதும். தபால்காரி கழித்துப்போட்ட கிளைகளில் அறுபதை என் கணவர் பொறுக்கி, நூல் பிடித்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினார். காலையும் மாலையும் தண்ணீர் வேறு. வுப்பர்டால் மழையில் குடை பிடித்துக்கொண்டு தடிக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

பீச் வேலிக்கு ஒரு குணம் உண்டு. குளிரில் இலை காய்ந்து பழுப்பாகும், ஆனால் உதிராது. ஆகவே தபால்காரியின் உயிருள்ள வேலியும் எங்கள் தடிகளும் குளிர்காலம் முழுக்க ஒரே மாதிரி நின்றன. வருகிறவர்களையெல்லாம் என் கணவர் கூட்டிப்போய்க் காட்டினார்.

“ஒரு இலை விழேல்லை, பாருங்கோ.”

“செத்தவீட்டிலை பிரேதத்தின்ரை தலைமயிரும்தான் விழுறேல்லை” என்றேன். அடுத்த முறை என்னை வீட்டில் விட்டுவிட்டே ஆட்களைக் கூட்டிப்போனார்.

மே மாதம் தபால்காரியின் வேலி பச்சையாகியது. எங்களுடையது அசையவில்லை. தலைவர் வந்தார், இரண்டு வேலியிலும் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். அங்கே பச்சை, இங்கே பழுப்பு. என் கணவர் இலையுதிர்காலம்வரை தவணை கேட்டார், கிடைத்தது. அகதி விண்ணப்பக் காலத்தில் தவணை கேட்டே பழகியவர்.

அன்றைக்கென்று நான் நிறைய நக்கல் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முதல் தடியைப் பிடுங்கினார். தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். வேரில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கி அதையும் திருப்பிப் பார்த்தார். பத்தாவது தடிக்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ. மிச்சத்தை நான் பிடுங்கிறன்.”

நான் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக, அவர் இல்லாத நேரங்களில், ஒவ்வொரு தடியையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தவள் நான்.

இலையுதிர்காலத்தில் கன்று வாங்கி நட்டோம். தண்ணீர் வாளியை நான் ஒளித்து வைத்தேன். அடுத்த மே மாதம் எல்லாம் தளிர்த்தன. தலைவர் வந்து பார்த்துவிட்டு, நல்ல கைராசி என்று பாராட்டினார்.

“எங்கடை ஊரிலை தடியை ஊண்டினாலே வேலி வந்திடும்” என்று என் கணவர் ஜேர்மனில் விளக்கினார்.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.