சக்காத்துக் கணக்கு

பகுதிநேர ஆசிரியன் என்றால் என்னவென்று யாருக்காவது விளங்கவில்லையென்றால் நோன்பு மாதத்தில் அவரை என் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அந்த மாதம் முழுக்க விடுமுறை. நிரந்தரமானவர்களுக்கு விடுமுறைக்கும் சம்பளம் வரும். படித்துக்கொடுத்த மணித்தியாலத்துக்கு மட்டும் கூலி வாங்குகிற என்னைப் போன்றவனுக்கு எதுவும் வராது. செலவு கூடுகிற மாதமாகப் பார்த்துக் கல்லூரி வரவு நின்றுவிடும். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க மனைவியின் தம்பியிடம் கை நீட்டுவேன். அவர் தருவார். தந்துவிட்டு, "நீங்க கல்லூரியில படிப்பிக்கிற ஆள்தானே மச்சான்?" என்று கேட்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கல்முனையில் குடியிருந்தேன். காலையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினேன். பின்னேரங்களில் பஸ் ஏறி, தெற்கே ஒரு தனியார் கல்லூரிக்குப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் ஒரு கமிட்டியாகச் சேர்ந்து நடத்திய கல்லூரி, பிறகு மூடிவிட்டார்கள். ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு வகுப்பு இருந்தது. அவர்களுக்குக் கணிதமும், அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதும் என் பாடம். மாணவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆட்கள். மீசை வைத்தவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், காலையில் வயலில் நின்றுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள்.

கல்லூரி தந்த கணக்குப் புத்தகம் இந்தியாவிலிருந்து வந்தது. அதில் எல்லாம் அணாவும் பைசாவும். எங்கள் ஊர்க் கடையில் அணா என்று சொன்னால் கடைக்காரன் மேலும் கீழும் பார்ப்பான். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ரயில்கள் எதிரெதிராக ஓடும். எங்கள் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளமே கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. விடையை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தார்கள். இவர்கள் நாளைக்கு இதையே பிள்ளைகளின் தலையில் கட்டப்போகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குத் தலை சுற்றும்.

நான் புத்தகத்தை மூடினேன். கரைவலையில் பட்ட மீனைப் பங்கு போடுகிற கணக்கைக் கொடுத்தேன். உழவுக்கு எருமை வாடகை, விதை நெல், பந்தலுக்குக் கிடுகு என்று அவர்கள் வீட்டிலிருந்தே கணக்குகளை எடுத்தேன். வகுப்பில் சத்தம் கூடியது. "அப்பிடிப் பங்கு வைக்கிறல்ல சேர், வள்ளத்துக்குத் தனிப் பங்கு இரிக்கி" என்று ஒருவர் எழும்புவார்; மற்றவர் இல்லையென்பார். சண்டை பிடித்துக்கொண்டே பின்னங்களைக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து அறையில் இலக்கணம் நடத்திய நிரந்தர விரிவுரையாளர் ஆளனுப்பி, சந்தையை மூடச் சொல்லுவார். இவ்வளவுக்கும் எனக்கு ஓய்வறையில் இருக்கக் கதிரை இல்லை, அரையாண்டுக் கூட்டத்துக்கு அழைப்பில்லை. மாணவர் ஒருவர் கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பதுதான் எனக்குக் கிடைத்த கூலியில் நல்ல பகுதி. அதைக் கொண்டு அரிசி வாங்க முடியாது.

அந்த வருடம் நிரந்தரக் கணித விரிவுரையாளர் கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போவதென்று முடிவாயிற்று. அறுவடை முடிந்ததும் அந்த இடத்துக்குக் கமிட்டி ஆளெடுக்கும். அதிபர் என்னைத் தனியே அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர்.

"உம்மைத்தான் நான் சொல்லியிருக்கிறன். கொஞ்சம் பொறுமையா இரும்" என்றார்.

வீட்டில் சொன்னேன். மனைவி அன்றைக்கே நோன்பு மாதத்துச் செலவை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தம்பியிடம் இனிக் கேட்கவேண்டியதில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும் அதுதான்.

பொறுமையாகத்தான் இருந்தேன். அறுவடைக் காலம் நெருங்கியதால் சக்காத்தில் ஒரு கணக்குக் கொடுத்தேன், அவ்வளவே. விளைந்த நெல்லில் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய பங்கு சக்காத்து. மழையில் விளைந்த நெல்லென்றால் பத்தில் ஒன்று. செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சி விளைந்ததென்றால் இருபதில் ஒன்று. கல்லோயா அணையின் வாய்க்கால் தண்ணீர் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. நான் கரும்பலகையில் எழுதியது இதுதான்: ஒரு வயல் பாதிக் காலம் மழையிலும் பாதிக் காலம் செலவழித்து எடுத்த வாய்க்கால் தண்ணீரிலும் விளைந்தது. நெல் நானூறு மரைக்கால். சக்காத்து எவ்வளவு?

நாற்பதுக்கும் இருபதுக்கும் நடுவே முப்பது. நல்ல கணக்கு. வகுப்பே உற்சாகமாகச் செய்தது. செய்து முடித்தவர்கள் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான். கல்லோயாத் தண்ணீர் வந்த நாளிலிருந்து ஊரிலுள்ள பெரிய வயற்காரர்களான போடிமார், மழை எவ்வளவு பெய்தாலும் முழு வயலையும் வாய்க்கால் வயலென்றே கணக்கில் காட்டி, இருபதில் ஒன்றையே அளந்துகொண்டிருந்தார்கள். போடிமாரில் மூன்று பேர் கல்லூரிக் கமிட்டியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மகன் என் வகுப்பில், முன் வரிசையில் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் போடியார் கல்லூரிக்கு வந்தார். அதிபரின் அறையில் குடையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், ஒங்களக் கணக்குப் படிப்பிக்கத்தான் எடுத்த. சக்காத்தச் சொல்லித்தரப் பள்ளிவாசல்ல ஆலிம் இரிக்காரு."

"நான் சட்டம் ஒண்டும் சொல்லல்ல போடியார். கணக்குத்தான் குடுத்த."

"என்ன கணக்கு? எண்ட மகன் ஊட்ட வந்து எண்ட வயலையெல்லோ கணக்குப் பாக்கான்! போன வருசமும் கொறச்சித்தான் அளந்திரிக்கீங்க வாப்பா எண்டு அவண்ட உம்மாக்கு முன்னால கேக்கான். வாப்பாவக் கேள்வி கேக்கவா ஒங்களுக்கிட்ட அனுப்பின?"

உண்மையைச் சொல்லவேண்டும்; அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் பெரும் சந்தோஷம். வகுப்பில் படித்த பின்னத்தை ஒருவர் தன் வீட்டு வயலில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முகத்தில் அது தெரிந்துவிட்டதோ என்னவோ, போடியார் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"சிரிக்கவும் செய்றாரு" என்று அதிபரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதிபர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "வயற்கணக்குப் போட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஒருத்தற்றை வயலும் இல்லாத வயலாப் பாத்துப் போட்டிருக்கலாமே?" என்றார்.

அப்படி ஒரு வயல் எங்கே இருக்கிறதென்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்த வேலை எனக்குத் தேவையாயிருந்தது.

வாயை அடக்கியும் பலன் இல்லை. கமிட்டி கூடியது. பதுளைப் பக்கத்திலிருந்து ஒருவரை எடுத்தார்கள். நல்ல மனிதர், குறைசொல்ல முடியாது. என்னைக் கண்டால் அவரே முந்தி ஸலாம் சொல்லுவார். அவர் புத்தகத்தைத் திறந்து, எதிரெதிராக இரண்டு ரயில்களை ஓடவிட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. இலக்கண விரிவுரையாளர் அதிபரைச் சந்தித்து நன்றிகூடச் சொன்னாராம். எனக்கு மணித்தியாலங்களைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அது பகுதிநேரத்திலும் ஒரு பகுதியாயிற்று. மூன்று வருடம் தொண்டை வறளக் கத்தியதற்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவல் சட்டையைக் கழற்றி வாங்குவதுபோல் வகுப்பை வாங்கிக்கொண்டார்கள். துணிக்கடை முதலாளியிடம் பின்னேரத்திலும் வேலை கேட்டேன். பெருநாள் யாவாரம் வரட்டும், பார்ப்போம் என்றார்.

அறுவடை முடிந்து நோன்பும் பிறந்தது. மனைவி போட்டு வைத்திருந்த செலவுக் கணக்கை நான் மறுபடி பார்க்கவில்லை. அவளும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நோன்பு பாதி போயிருக்கும். ஒரு பகல், பள்ளியில் தொழுதுவிட்டு வந்து படுத்திருந்தேன். வாசலில் மாட்டு வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அதே போடியாரின் ஆள்.

"மாஸ்டர், ரெண்டு சாக்கு நெல்லு. எங்க இறக்க?"

"என்ன நெல்லு? நான் வாங்கல்லையே?"

"போடியார்ர சக்காத்து நெல்லு" என்றார் அவர். "இந்த முற கூட அளந்திரிக்காரு. மகனோட ரெண்டு கிழம கதபேச்சில்ல. மறுகா ஆலிமுக்கிட்டயும் போய்க் கேட்டாராம். அவரும் மகன் சொன்ன கணக்குத்தான் சரியெண்டு சொல்லிட்டாராம். கூட வந்த நெல்ல ஆராருக்குக் குடுக்கிறயெண்டு பாக்கக்குள்ள, ஒங்கட பேரப் போடியார்தான் சொன்ன. நோன்புக்கு ஒங்களுக்குச் சம்பளம் இல்லையாமே?"

அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் கேட்டார். போடியாரும் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. குத்திக்காட்ட அனுப்பியிருந்தால் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பேன்.

என் கணக்கு அவருடைய களம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் வேறு எத்தனையோ வீட்டில் அந்த நெல்லால் அடுப்பு எரியும். மகிழ்ச்சியாக இருந்திருக்கவேண்டும். எனக்கு நெஞ்சு எரிந்தது.

மனைவி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கூப்பிட்டாள். உள்ளே போனேன்.

"நம்ம எடுக்கலாமா?" என்று கேட்டாள். "நமக்கு அது கூடுமா?"

அவள் கேட்டது, மார்க்கம் அதை அனுமதிக்குமா என்று. சக்காத்துக்குத் தகுதியில்லாதவன் அதை வாங்குவது பாவம். வருமானம் உண்டு, ஆனால் குடும்பத்துக்குப் போதாது என்றிருப்பவன் வாங்கலாம். அப்படிப்பட்டவனையும் மார்க்கம் ஏழைகளின் வரிசையில்தான் சேர்த்திருக்கிறது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டுமென்று நின்றாள்.

"கூடும்" என்றேன்.